கடிதம் இருக்கிறது, ஃபோல்டரைக் காணோம்!

நம் நெட்வொர்க்கிங் பாடத்தில் ஐமேப்புக்கு ஒரு பாரா ஒதுக்கியிருப்பார்கள். போர்ட் எண் 143, பாதுகாப்பான இணைப்புக்கு 993. இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. 2023 டிசம்பரில் இன்பிளாண்ட் டிரெயினிங்குக்காகக் கோவையில் ஒரு சிறிய கம்பெனிக்குப் போனபோதுதான் மீதியைப் படிக்க நேர்ந்தது.

அந்த வாரம் அங்கே மெயில் சர்வரை மாற்றினார்கள். பழையது கூரியர், புதியது டவ்காட் 2.3. சனி, ஞாயிறு இரண்டு நாளும் 'ஐமேப்சிங்க்' என்ற புரோகிராமை ஓடவிட்டு எல்லாருடைய கடிதங்களையும் புதிய சர்வருக்கு ஏற்றினோம். புதன்கிழமை பழைய சர்வரின் டிஸ்க்கை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. திங்கள் காலை ஒன்பதரைக்கு அக்கவுண்ட்ஸ் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, கொட்டேஷன் ஃபோல்டரையே காணோம்ப்பா. ஆறு வருஷத்துக் கடிதம் அதுலதான் இருக்கு."

அது அக்காவின் ஃபோல்டர் இல்லை. பர்ச்சேஸ் கணக்கில் இருப்பது. அக்கா உட்பட ஐந்து பேருக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. இதைக்கூட விசாரிக்காமல், பதற்றத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அக்காவின் கணக்கிலேயே 'கொட்டேஷன்' என்று காலி ஃபோல்டர் ஒன்றைப் போட்டு, "பழசெல்லாம் மெதுவா வரும்க்கா" என்று சொல்லிவிட்டேன். இதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. அன்றைக்கு வந்த புதுக் கடிதங்களை அக்கா அதில் போட ஆரம்பித்துவிட்டார்.

சிஸ்டம்ஸ் சார் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "கடிதம் போச்சா, இல்ல கண்ணுக்குத் தெரியலையா?" பர்ச்சேஸ் கணக்கிலேயே நுழைந்து பார்த்தார். ஃபோல்டர் அங்கே இருந்தது. பழைய சர்வரிலும் புதிய சர்வரிலும் கடிதங்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டார்; ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

நம் கல்லூரி நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் அலமாரியில் இருக்கிறது. ஆனால் கேட்டலாகில் அதற்குக் கார்டு இல்லை. அல்லது உங்களிடம் உறுப்பினர் அட்டை இல்லை. உங்களைப் பொறுத்தவரை புத்தகம் இல்லைதான். பகிர்ந்த ஃபோல்டரும் அப்படியே. கடிதங்கள் சொந்தக்காரர் கணக்கில் ஒரே இடத்தில் இருக்கும். மற்றவர்களுக்கு இருப்பது ஒரு கதவு மட்டுமே.

அந்தக் கதவைத் திறக்கும் அனுமதிப் பட்டியலுக்கு ஏ.சி.எல். என்று பெயர். இது ஐமேப்பின் மூல நெறிமுறையில் கிடையாது. 1997-ல் ஆர்.எஃப்.சி. 2086 என்று தனியாக வந்தது. 2005-ல் 4314 அதன் இடத்தைப் பிடித்தது. ஐமேப்சிங்க் கடிதங்களையும், படித்தது, படிக்காதது என்ற குறிகளையும் கொண்டுபோகும். அனுமதிகளைத் தனியாகச் சொன்னால் ஒழிய அது தொடாது. சரி, ஃபைல்களை அப்படியே காப்பி செய்திருந்தால்? அப்போதும் பயனில்லை. கூரியர் தன் அனுமதிகளை 'கூரியர்ஐமேப்ஏசிஎல்' என்ற ஃபைலில் எழுதும். டவ்காட் தேடுவதோ 'டவ்காட்-ஏசிஎல்' என்ற ஃபைலை.

இனி சோதிக்கும் முறை. தண்டர்பேர்டு காட்டுவதை நம்பாமல் சார் நேரே சர்வரிடம் பேசினார். ஓப்பன்எஸ்எஸ்எல் மூலம் 993-ல் இணைந்து, அக்காவையே பாஸ்வேர்டு அடிக்கச் சொல்லி, கட்டளைகளைக் கையால் அடித்தார். லேபில் ஒருமுறையாவது செய்து பாருங்கள், நெறிமுறை என்றால் என்னவென்று அப்போதுதான் புரிகிறது. 'லிஸ்ட்' என்றால் உங்கள் கண்ணுக்குத் தெரியக்கூடிய எல்லா ஃபோல்டரும் வரும். 'எல்சப்' என்றால் நீங்கள் சந்தா செய்தவை மட்டும் வரும். 'மைரைட்ஸ்' என்று கேட்டு ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் உங்களுக்குள்ள உரிமைகள் ஒற்றை எழுத்துகளாக வரும். 'எல்' இருந்தால் பட்டியலில் தெரியும், 'ஆர்' இருந்தால் படிக்கலாம். 'ஆர்' கொடுத்துவிட்டு 'எல்' கொடுக்க மறந்தால் படிக்க உரிமை உண்டு, ஆனால் பட்டியலில் வராது!

அக்காவின் 'லிஸ்ட்'டில் ஃபோல்டர் இல்லை. 'மைரைட்ஸ்' கேட்டால், அப்படி ஒரு ஃபோல்டரே கிடையாது என்று பதில். நான் சாரைப் பார்த்தேன். சிரித்தார். "பொய் சொல்லுதுப்பா. உரிமை இல்லாதவன்கிட்ட, இருக்குன்னு சொல்றதே ஒரு தகவல் இல்லையா?" பாதுகாப்புக்காக நெறிமுறையிலேயே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே சர்வர் 'இல்லை' என்று சொன்னதை வைத்து அழிந்துபோனது என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆனால் சாருக்கும் ஒரு இடத்தில் சறுக்கியது. வேகத்துக்காக அனுமதி ஃபைலை அவர் எடிட்டரில் கையாலேயே எழுதினார். அப்போதும் ஃபோல்டர் பட்டியலில் வரவில்லை. அரைமணி நேரம் போனது. காரணம், நான் சொன்ன அந்தக் கேட்டலாக் கார்டு. யார் யாருக்குப் பகிர்ந்திருக்கிறார் என்பதை அறிய டவ்காட் ஒவ்வொரு கணக்காகத் துருவிக்கொண்டிருக்காது. அதற்கென ஒரு தனிப் பட்டியலைப் பராமரிக்கிறது. 'டவ்அட்மின்' கட்டளை வழியாக அனுமதி கொடுத்தால் அந்தப் பட்டியலும் தானே திருந்தும். கையால் எழுதினால் திருந்தாது. டவ்அட்மினில் 'ஏசிஎல் ரீகேல்க்' என்று பர்ச்சேஸ் கணக்குக்கு ஓடவிட்டோம். உடனே 'லிஸ்ட்'டில் வந்துவிட்டது.

அக்காவின் தண்டர்பேர்டில்? இன்னும் இல்லை! சந்தா செய்த ஃபோல்டர்களை மட்டும் காட்டு என்பது அதில் முதலிலேயே டிக் ஆகியிருக்கும். பழைய சந்தா பழைய பெயருக்கு. கூரியரில் பகிர்ந்தவை வேறு முன்னொட்டோடு, புள்ளி வைத்துப் பிரித்த பெயரில் இருந்தன. புதிய சர்வரில் 'ஷேர்டு' என்று தொடங்கிச் சாய்கோடு போட்ட பெயராகிவிட்டது. கணக்கின் மேல் ரைட் கிளிக், 'சப்ஸ்கிரைப்', ஒரு டிக். முடிந்தது. மற்ற நால்வருக்கு பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பழைய சர்வரை சார் புதன்கிழமை அழிக்கவில்லை. நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவி, மேலே ஒரு சீட்டு ஒட்டி, மாதக் கடைசி வரை மூலையில் வைத்திருந்தார். என்னுடைய காலி 'கொட்டேஷன்' அதற்குள் காலியாக இல்லை. பதினேழு கடிதங்கள் சேர்ந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து உண்மையான ஃபோல்டருக்கு மாற்றும் வேலை அன்று சாயங்காலம் எனக்குத்தான் வந்தது. அக்கா டீ வாங்கிக் கொடுத்தார்.

— மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை