வண்டி வராத பாதை, தண்ணீர் கிடைக்காத பாதை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஸ்னோகுவால்மி கணவாயில் மழையும் பனியுமாக ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் கொட்டுகிறது. அங்கிருந்து கிழக்கே சுமார் 85 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தால் எல்லன்ஸ்பர்க் ஊர் வரும். அங்கே ஆண்டு மழை 230 மில்லிமீட்டரை ஒட்டித்தான். கேஸ்கேட் மலைத்தொடர் கடல் மேகங்களைத் தடுத்துவிடுவதால், அதன் கிழக்குப் பக்கம் முழுவதும் மழை மறைவுப் பகுதி. ஊசியிலைக் காடு மெல்ல விலகி, சாம்பல் பச்சையில் சேஜ்பிரஷ் புதர்கள் நிறைந்த வறண்ட புல்வெளி தொடங்குகிறது. இந்த மாற்றத்தை ஒரு கார்கூடக் குறுக்கிடாமல், உட்கார்ந்த நிலையிலேயே பார்த்துக்கொண்டு போகலாம். காரணம், கைவிடப்பட்ட ரயில் பாதைகள்.

மில்வாக்கி ரோடு என்று அழைக்கப்பட்ட ரயில் நிறுவனம் 1980-இல் இந்தப் பக்கத்துச் சேவையை நிறுத்தியது. தண்டவாளங்கள் போயின, பாலங்களும் சுரங்கங்களும் நின்றன. ரயில் செங்குத்தான மேட்டில் ஏறாது என்பதால், நூறு மீட்டருக்குச் சுமார் இரண்டு மீட்டரே உயரும்படி மலையை வளைத்து வளைத்துப் பாதை போட்டிருந்தார்கள். அன்றைய என்ஜினுக்காகச் செய்த அந்தச் சலுகை இன்று சுமை ஏற்றிய சைக்கிளை மிதிப்பவரின் முழங்கால்களைக் காக்கிறது.

இந்த வட்டாரத்தில் சைக்கிளுக்குத் திறந்திருக்கும் பழைய ரயில் பாதைகள் பல. தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது தூரத்தைத்தான். அதைவிட முந்திக் கேட்க வேண்டிய கேள்வி, அடுத்த தண்ணீர்க் குழாய் எங்கே என்பது. வண்டிகள் வராத இடத்தில் கடைகளும் இருப்பதில்லை. பஞ்சரானால் நிறுத்தி உதவ ஆளும் வருவதில்லை. அமைதியைக் கொடுப்பதும் ஆபத்தைக் கொடுப்பதும் அந்தத் தனிமையே. எவ்வளவு தனிமையைச் சுமக்க முடியும் என்பதை வைத்தே பாதையைத் தேர்வது நல்லது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் முதல் நெடும்பயணம் போகிறவர்களுக்கும் ஐடஹோ மாநிலத்தின் ‘டிரெயில் ஆஃப் த கர் டி அலீன்ஸ்’ போல வேறொன்று இந்தப் பக்கத்தில் இல்லை. மல்லனிலிருந்து பிளம்மர் வரை சுமார் 117 கிலோமீட்டர், முழுக்கத் தார் போட்டது. வெள்ளிச் சுரங்க ஊர்களான வாலஸ், கெல்லாக் வழியாக இறங்கி, ஆற்றோரமாகவும் ஏரிகளின் கரையோரமாகவும் போகிறது. கழிப்பறையும் மேசையும் போட்ட நிறுத்தங்கள் நெடுக உண்டு. ஏரிகளை ஒட்டிய சதுப்பில் மூஸ் மான்கள் முழங்கால் அளவு நீரில் நின்று மேய்வதைக் காணலாம். மல்லனில் தொடங்கினால் பெரும்பகுதி இறக்கம். கடைசியில் சாட்கோலெட் பாலத்தைக் கடந்து பிளம்மருக்கு ஏறுவது மட்டும் மூச்சு வாங்க வைக்கும்.

அந்தத் தார் வசதிக்காக மட்டும் போடப்பட்டதல்ல என்பதைப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஈயமும் பிற உலோகங்களும் கலந்த சுரங்கக் கழிவை அந்தக் காலத்தில் ரயில் பாதைக்கு அடியில் கொட்டியிருந்தார்கள். சரக்குப் பெட்டிகளிலிருந்து சிந்திய தாதுவும் மண்ணில் கலந்தது. கர் டி அலீன் பழங்குடியினரும் அரசுகளும் யூனியன் பசிபிக் நிறுவனமும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அந்த நச்சு மண்ணை மூடும் மேல்போர்வையாகத் தார் போடப்பட்டு, 2004-இல் பாதை திறக்கப்பட்டது. எனவே பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஒதுக்கிய இடங்களில் மட்டுமே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிடுமுன் கை கழுவ வேண்டும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் வயதுக் குழந்தை கூட இருந்தால் இந்த விதிகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நிலத்துக்குச் செய்த கேட்டை மறைக்காமல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கும் பாதை இது. அந்த நேர்மைக்காகவும் ஒருமுறை போய்வரத் தகும்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், அதே மலைப்பகுதியில் ‘ரூட் ஆஃப் த ஹையவாதா’. 24 கிலோமீட்டர், பத்துச் சுரங்கங்கள், ஏழு உயரப் பாலங்கள். கட்டணம் உண்டு, கோடையில் மட்டும் திறந்திருக்கும், கீழே இறங்கியபின் பேருந்தில் ஏற்றி மேலே கொண்டுவிடுவார்கள். காட்சி அபாரம். ஆனால் அதை நெடும்பயணம் என்று சொல்ல மனம் வரவில்லை.

பள்ளத்தாக்கும் வறள்வெளியும் ஒரே பயணத்தில் வேண்டும் என்பவர்களுக்கு ‘பலூஸ் டு கேஸ்கேட்ஸ்’ பாதை. பழைய வரைபடங்களில் இது ‘ஜான் வெய்ன் பயோனியர் டிரெயில்’ என்றிருக்கும். 2018-இல் பெயர் மாறியது. சியாட்டிலுக்குக் கிழக்கே ராட்டில்ஸ்நேக் ஏரியருகே தொடங்கி, ஐடஹோ எல்லையில் உள்ள டெக்கோவா வரை சுமார் 460 கிலோமீட்டர். இதை ஒரே பாதை என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கொலம்பியா ஆற்றுக்கு மேற்கே ஒரு குணம், கிழக்கே வேறு குணம்.

மேற்குப் பகுதியின் முதல் சவால் ஸ்னோகுவால்மி சுரங்கம். 3.6 கிலோமீட்டர் நீளம், உள்ளே விளக்கே கிடையாது. வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர் எலும்பைத் தொடும்; கூரையிலிருந்து நீர் சொட்டும். நல்ல முகப்பு விளக்கும் ஒரு ஜாக்கெட்டும் கட்டாயம். நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் முடிய சுரங்கத்தின் கதவுகளை மூடிவிடுவார்கள். அதைத் தாண்டினால் கீச்சலஸ் ஏரி, பிறகு யாக்கிமா ஆற்றுப் பள்ளத்தாக்கு. தென் கிளி எலம் ஊரில் பழைய ரயில் நிலையமும், இந்தத் தடம் மின்சாரத்தில் ஓடிய காலத்தின் துணை மின்நிலையக் கட்டடமும் இன்னும் நிற்கின்றன. சரளை இறுகிய தரை, சீரான இறக்கம், இடையிடையே ஊர். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இந்த வட்டாரத்தில் கொடுக்கும் உழைப்புக்கு அதிகப் பலன் தருவது இந்தத் துண்டுதான்.

அடுத்து வரும் கிட்டிட்டாஸ் பள்ளத்தாக்கில் வசந்தத்திலும் கோடையிலும் மேற்கிலிருந்து காற்று அடித்துத் தள்ளும். அங்கே காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. அதனால் மேற்கிலிருந்து கிழக்காகப் போகத் திட்டமிடுவதே புத்திசாலித்தனம். எதிர்த்திசையில் வந்தால், சமதளத்திலும் ஏற்றத்தில் மிதிப்பது போலத் திணற வேண்டும்.

கிட்டிட்டாஸ் ஊர்தான் கடைசிக் கடை, கடைசிக் குழாய். அதன்பின் ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்கு கொலம்பியா ஆற்றைப் பார்க்கும்வரை எதுவும் கிடையாது. இதில் பெரும்பகுதி ராணுவப் பயிற்சி நிலத்துக்குள் போகிறது. நுழையுமிடத்தில் பெயர் பதிய வேண்டும். பாதையை விட்டு விலகக் கூடாது. ஆற்றை நோக்கி இறங்கும்போது தரை தளர்ந்த மணலும் ஜல்லியுமாக மாறி, மெல்லிய டயரை விழுங்கும். 45 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரோடு இங்கே வரவேண்டாம். வெயில் காலத்தில் ஆளுக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்பது மிகையல்ல.

இன்னொரு எதிரி தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பழக்கமானது: நெருஞ்சி. நம் வயல் வரப்பில் மஞ்சள் பூவோடு படரும் அதே செடி அங்கே அயல்நாட்டுக் களையாகப் பரவியிருக்கிறது. காய் முற்றியதும் நாலைந்து துண்டாக உடையும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தே நிற்கும். வெறுங்காலில் மிதித்தவர்களுக்கு டயரின் கதி புரியும். டியூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றிக்கொண்டு போவதே தீர்வு. ஓய்வெடுக்கச் சைக்கிளைப் புல்லோரமாக உருட்டாமல் பாதையின் நடுவிலேயே நிறுத்துவது அடுத்த பாதுகாப்பு.

ஆற்றங்கரையில் பெவர்லி பாலம். சுமார் 900 மீட்டர் நீளமுள்ள இந்த ரயில் பாலம் பல்லாண்டுகள் மூடிக்கிடந்து, 2022-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறக்கப்பட்டது. அதற்குமுன் ஆற்றைக் கடக்க, ஓரமே இல்லாத நெடுஞ்சாலைப் பாலத்தில் லாரிகளோடு போட்டி போட வேண்டியிருந்தது, அல்லது யாரிடமாவது வண்டி கேட்க வேண்டியிருந்தது. முழுத் தூரம் போக நினைப்பவர்களுக்கு இந்தத் திறப்பு பெரிய விடுதலை.

பாலத்துக்குக் கிழக்கே பாதை அனுபவசாலிகளுக்கு மட்டும். சில இடங்களில் ரயில் இன்னும் ஓடுவதால் சாலையில் சுற்ற வேண்டும். தனியார் வேலிக் கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டு போக வேண்டும். வழியில் இருக்கும் மால்டன் ஊரின் பெரும்பகுதி 2020 செப்டம்பர் காட்டுத்தீயில் ஒரே நாளில் எரிந்துபோனது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி அங்கே எதையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது. செய்னியிலிருந்து தெற்கே போகும் ‘கொலம்பியா பிளாட்டோ டிரெயில்’ இதைவிடக் கரடுமுரடு. சுமார் 209 கிலோமீட்டரில் சீரமைத்த பகுதி குறைவு. மற்றதில் கைமுஷ்டி அளவு எரிமலைக் கற்கள். பனியுகத்து வெள்ளம் அரித்த பாறைநிலத்தைப் பார்க்கும் ஆவலும் தடித்த டயரும் இருந்தால் மட்டும் அதை நினைக்கலாம்.

காலம் என்று பார்த்தால் மே, ஜூன், இல்லையேல் செப்டம்பர் பிற்பாதி. மே மாதம் வறள்வெளியில் மஞ்சள் பூக்கள் சரிவு சரிவாக விரியும். ஜூலை, ஆகஸ்டில் நிழலே இல்லாத வெளியில் 38 டிகிரி சாதாரணம். காட்டுத்தீப் புகையும் சேரக்கூடும். ஐடஹோவின் தார்ப்பாதைக்கு அந்த மாதங்களும் பரவாயில்லை, ஏனென்றால் நிழலும் ஊரும் அருகில் இருக்கின்றன.

சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்கு ‘பலூஸ் டு கேஸ்கேட்ஸ்’ பாதையின் வாசல் ஒரு மணி நேரக் கார் பயணத்தில் இருக்கிறது. முதல் முறை, கணவாயின் உச்சியருகே ஹயாக்கில் தொடங்கி எல்லன்ஸ்பர்க் வரை இரண்டு நாளில் நிதானமாகப் போவது சரியான அளவு. சுரங்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் ஹயாக்கிலிருந்து உள்ளே போய்த் திரும்பிவிட்டுக் கிளம்பலாம். அது பிடித்துப்போனால் அடுத்த முறை கிட்டிட்டாஸில் குடுவைகளை நிரப்பிக்கொண்டு ஆறுவரை போகலாம். புறப்படும் வாரம் சுரங்கம், பாலம், ராணுவப் பகுதி மூன்றும் திறந்திருக்கின்றனவா என்று மாநிலப் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.