எந்த ஊர், எந்தக் கோயில்: நேர்காணலுக்குப் புறப்படும் இளம் பொறியாளருக்கு



தொழில்நுட்ப நிறுவனத்தின் நேர்காணல் திறனை மட்டுமே நிறுக்கும் தராசு என்று காரைக்குடி அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியிலிருந்தும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்தும் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர் பலர் நம்புகின்றனர். அந்த நம்பிக்கை பாதி உண்மை. மீதிப் பாதியை அறியாமல் செல்பவர், வேலை கிடைக்காதபோது பழி முழுவதையும் தம் தலையிலேயே சுமந்துகொண்டு ஊர் திரும்புகிறார்.

ஆட்சேர்ப்பில் பிறப்பும் உறவும் நுழைவது காரைக்குடியை உள்ளடக்கிய செட்டிநாட்டுக்குப் புதிதன்று. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் லேவாதேவி நடத்திய செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார், தம் கிட்டங்கிகளுக்கு, அதாவது கடையும் தங்குமிடமும் ஒன்றாயிருந்த நீண்ட கூடங்களுக்கு ஆள் எடுத்தபோது, பணப்பெட்டியருகே அமர்ந்து கணக்குப் பழகும் பெட்டியடிப் பையன், அவனுக்கு மேலிருந்த அடுத்தாள், கடையை நடத்திய மேலாள் என்ற வரிசை முழுவதற்கும் பெரும்பாலும் தம் சமூகத்துக்குள்ளேயே தேடினர். அச்சமூகத்தின் ஒன்பது நகரக் கோயில்களில் எதைச் சேர்ந்தவன், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து அறிவதே அன்றைய நேர்காணல். கடல் கடந்த ஊரில் பெருந்தொகையை ஒருவனிடம் ஒப்படைக்கையில், அவன் தவறினால் ஊரில் குடும்பத்தின் மானம் போகும் என்பதே பிணையாக நின்றதால், அம்முறைக்கு ஒரு வணிக நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்துக்கு வெளியே பிறந்த பையன் எவ்வளவு கணக்குத் தெரிந்தவனாயினும், வரவு செலவையும் சொத்து கடனையும் தொகுத்துக் காட்டும் ஐந்தொகையை எழுதும் இடத்துக்கு வருவது அரிதாகவே இருந்தது.

மென்பொருள் நிறுவனத்துக்கு அத்தகைய பிணை தேவையே இல்லை. எழுதிய நிரலைச் சக பொறியாளர் வரிவரியாகச் சரிபார்க்கிறார். எனினும் பழைய கேள்வி போகவில்லை. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டபோது, தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்புகள் குறைவாகவே வந்தன. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் எழுதிய கட்டுரை, மனிதவள அலுவலர்கள் குடும்பப் பின்னணியையே தகுதியின் ஒரு பகுதியாகக் கருதியதை எடுத்துக்காட்டியது. தமிழ்நாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுத் தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் வழக்கம் பரவிவிட்டதால் பெயரைக் கொண்டு சாதியை அறிவது கடினம். எனவே அறிய விரும்புபவர் "சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், வெஜ்ஜா நான்வெஜ்ஜா" என்று வாயால் கேட்கிறார். கேட்பவர் பல வேளைகளில் அன்பாகவே கேட்கிறார் என்பதால் இதைப் பாகுபாடு என்று உணர்வதற்கே நாளாகும்.

வேலை கிடைத்தபின் இது நின்றுவிடும் என்பதற்கும் உறுதியில்லை. சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிஃபோர்னியா மாநிலத் துறையொன்று 2020 ஜூனில் தொடுத்த வழக்கு, தலித் பொறியாளர் ஒருவரின் சாதி சக ஊழியர்களிடம் வெளிப்படுத்தப்பட்டதாகவும், அதைக் குறித்து முறையிட்ட பிறகு அவர் ஒதுக்கப்பட்டதாகவும் கூறியது. நிறுவனம் அதை மறுத்தது. இரு மேலாளர்கள் மீதான வழக்கை 2023 ஏப்ரலில் அத்துறையே திரும்பப் பெற்றது. எனினும் இந்தியாவில் மட்டுமே உள்ளதென்று கருதப்பட்ட ஒன்று அமெரிக்க நீதிமன்றத்தின் முன் வந்தது; 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது.

இளம் பொறியாளர் செய்யக்கூடியது என்ன என்ற கேள்விக்கு, மிகச் சிறிய ஓர் இடத்திலிருந்து விடை தொடங்குகிறது. பத்து லட்சம் எண்கள் உள்ள பட்டியலில் எந்த இரண்டைக் கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் என்ற வழக்கமான கோடிங் கேள்வியை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு எண்ணையும் மற்ற எண்களோடு கூட்டிப் பார்க்கும் முறையில் ஏறத்தாழ 50,000 கோடி இணைகளைச் சோதிக்க நேரும். பார்த்த எண்ணை உடனே தேடி எடுக்கும்படி குறித்து வைக்கும் ஹாஷ் டேபிளைக் கொண்டு பட்டியலை ஒரே முறை கடந்தால் போதும். தமிழ்வழியில் படித்த மாணவர் பலர் இவ்விரண்டையும் மனத்துக்குள்ளேயே எண்ணி முடித்து, இறுதி விடையை மட்டும் திரையில் எழுதுகின்றனர். முதல் முறையையும் அதன் செலவையும், அதை ஏன் கைவிட்டோம் என்பதையும் எளிய ஆங்கிலத்திலேனும் வாய்விட்டுச் சொல்லி, அந்தப் படிகளையும் எண்களையும் திரையில் எழுதிவிட வேண்டும். "கம்யூனிகேஷன் போதாது", "கல்ச்சர் ஃபிட் இல்லை", அதாவது நிறுவனச் சூழலுக்குப் பொருந்தமாட்டார் என்று காரணம் காட்டாமல் ஒருவரைக் கழிக்கும் சொற்களுக்கு எதிராக, எழுதப்பட்ட படிகளைவிட வலிய சாட்சி இல்லை.

ஊரையும் தந்தையின் தொழிலையும் பற்றிக் கேட்டால் ஒரே வரியில் விடை தந்து, பேச்சைத் தாம் செய்த புராஜெக்டுக்குத் திருப்புவது முறை. மறைப்பதற்கு அதில் ஏதுமில்லை, விரித்துரைக்கும் கடமையும் இல்லை. பெண்களிடம் மட்டும் திருமணம் எப்போது என்று கேட்கப்படுமானால், அது வேலைக்குத் தொடர்பற்றது என்று பணிவாகச் சொல்லலாம். கேட்கப்பட்ட கேள்விகளை அன்று மாலையே தேதியோடு குறித்து வைப்பது பின்னர் உதவும். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனம் ஒவ்வொன்றிலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பதையும், அங்கே பொதுவாக மூன்று மாதங்களுக்குள் புகார் தர வேண்டும் என்பதையும் வேலையில் சேரும் நாளிலேயே அறிந்திருப்பது நல்லது. அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு தரும் சமவாய்ப்பு உரிமையோ அரசுப் பணிக்கானது. தனியார் நேர்காணல் அறைக்குள் அது வருவதில்லை, இது பெருங்குறை.

சில ஆண்டுகளில் இதே பொறியாளர் மேசைக்கு மறுபுறம் அமர்வார். செட்டிநாட்டிலிருந்து வரும் விண்ணப்பத்தைக் கண்டதும், நம் ஊர்ப் பிள்ளை என்று அவர் மனமும் இளகும். அன்று அவர் எல்லோருக்கும் ஒரே கேள்விகளையும், எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் முன்கூட்டியே எழுதி முடித்து, அதன் பின்னரே விண்ணப்பத்திலுள்ள ஊரின் பெயரைப் பார்க்க வேண்டும்.