சேலத்து மல்கோவா

முக்கனிகளுள் முதற்கண் வைத்து எண்ணப்படுவது மா. தமிழர் வாழ்வோடு இம்மரம் கொண்ட தொடர்பு மிகப் பழைமையானது. மாவைக் காவல் மரமாகப் போற்றிய நன்னன் என்னும் மன்னனைப் பற்றிய செய்தி குறுந்தொகையிற் காணப்படுகின்றது. காரைக்கால் அம்மையாரின் வரலாறு மாங்கனியோடு பிணைந்தது. அதனை நினைவூட்டும் மாங்கனித் திருவிழா ஆனித் திங்களில் காரைக்காலில் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. யாப்பிலக்கணம் கற்கப் புகும் மாணவன் முதலில் ஓதும் வாய்பாடுகளும் தேமா, புளிமா என்பனவே. இனிக்கும் மா தேமா. புளிக்கும் மா புளிமா. இத்தேமா வகைகளுள் சேலத்து மல்கோவா தனிச் சிறப்புடையது.

காவிரியாறு மலைகளை விட்டுச் சமவெளியை அடையும் இடத்தில் அமைந்தது மேட்டூர். 1925இல் தொடங்கி 1934இல் முடிவுற்ற அதன் அணை, 120 அடி உயரத்திற்கு நீரைத் தேக்க வல்லது. அந்நீரிற் பெரும்பகுதி தஞ்சைத் தரணியின் நெல்வயல்களை நாடிச் செல்கின்றது. கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலத்தை நனைக்கின்றன. ஆயினும் வாய்க்கால் எட்டாத செம்மண் மேடுகள் வானத்தை நோக்கியே வாழ்கின்றன. அத்தகைய நிலத்திலும் வேரை ஆழ ஊன்றி, கோடையின் கொடுமையைத் தாங்கி நின்று பயன் தருவது மாமரம். எனவேதான் சேலம் மாங்கனி நகரம் என்று வழங்கப்படுகின்றது.

மார்கழி, தைத் திங்கள்களில் மா பூக்கத் தொடங்கும். ஒரு பூங்கொத்தில் பூக்கள் ஆயிரக்கணக்கில் மலரும். அவற்றுட் பல ஆண் பூக்கள். காயாகும் தகுதியுடைய இருபாற் பூக்கள் சிலவே. அவற்றிலும் பனியாலும் மழையாலும் தத்துப்பூச்சியாலும் அழிவன பல. முடிவில் ஒரு கொத்தில் ஒன்றிரண்டு காய்கள் எஞ்சினாலே உழவன் மகிழ்வான். பிஞ்சு வடுவாகி, வடு காயாகி, காய் முற்றிக் கனியாகச் சில திங்கள் செல்லும். பிற மாங்கனிகள் சித்திரையிலேயே அங்காடிக்கு வந்துவிட, மல்கோவா பருவத்தின் பிற்பகுதியிலேயே வந்து சேரும்.

மல்கோவாக் கனி பெரியது, உருண்டு திரண்டது, தடித்த தோலுடையது. கொட்டை சிறிது, சதை மிகுதி. அச்சதையும் நாரின்றி மென்மையாய், மணமும் இனிமையும் நிறைந்திருக்கும். இதன் தோல் நன்கு பழுத்த பின்னும் பசுமையை முற்றும் விடுவதில்லை. புறத்தே பசுமையும் மஞ்சளும் கலந்து தோன்றும் இக்கனி, அகத்தே பொன்னிறம் பூத்திருக்கும். புறத்தோற்றத்தைக் கொண்டு தகுதியை அளக்கலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இத்துணைச் சிறப்பு வாய்ந்த மரம் எல்லாத் தோட்டங்களிலும் நிறைந்திராமைக்குக் காரணம் யாது? மல்கோவா குறைவாகக் காய்ப்பது. ஓராண்டு காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்துவிடுவதும் உண்டு. பெங்களூரா என்னும் வகையோ நிறையக் காய்க்கும். நெடுந்தொலைவு செல்லினும் கெடாது. கிருட்டிணகிரிப் பகுதியில் உள்ள பழக்கூழ் ஆலைகளும் அதனையே மிகுதியாக வாங்குகின்றன. ஆதலின், பிழைப்பை எண்ணும் உழவன் அதன்பாற் செல்லுதல் இயல்பே. அவனைக் குறை கூறிப் பயனில்லை. சுவையை அறிந்து அதற்குரிய விலையைக் கொடுப்போர் இருந்தால்தான் சுவையுடைய மரம் நிலைக்கும்.

மல்கோவாக் கொட்டையை நட்டால் முளைக்கும் மரம் தாயைப் போலவே கனி தரும் என்பதற்கு உறுதியில்லை. அதனால்தான், நாட்டு மாவின் கன்றில் மல்கோவாவின் கிளையை இணைத்து ஒட்டுக் கட்டுகின்றனர். ஒட்டுக்கன்று தாயின் குணத்தை மாறாது காப்பதோடு, நான்கைந்து ஆண்டுகளிலேயே காய்க்கவும் தொடங்கும். எனினும், கொட்டையிற் பிறக்கும் மாறுதல் சிற்சில வேளை நன்மையும் தரும். 1889இல் இந்தியாவினின்று அமெரிக்க நாட்டின் புளோரிடாவிற்கு 'மல்கோபா' என்னும் பெயருடன் மாங்கன்றுகள் அனுப்பப்பட்டன. 1894-95ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் ஒன்றொழிய ஏனைய மடிந்தன. தப்பிய மரத்தின் கொட்டைகளை 1902இல் ஏடன் என்னும் படைத்தலைவர் தம் தோட்டத்தில் விதைத்தார். அவர் மறைந்த பின்னர், 1910இல் அவற்றுள் ஒரு மரம் செந்நிறங் கலந்த அழகிய கனியை ஈன்றது. அவர்தம் மனைவியார் அதற்குக் கணவர் பெயரையே சூட்டினார். அம்மரத்தின் வழிவந்த வகைகள் இன்று பல நாட்டு அங்காடிகளில் விற்கப்படுகின்றன. நட்டவர் உண்ணாவிடினும் உலகம் உண்கின்றது!

மாவிற் பயனற்ற உறுப்பு இல்லை எனலாம். வடு உப்பில் ஊறி ஆண்டு முழுவதும் உதவும். காய் ஊறுகாயும் வற்றலும் ஆகும். சித்திரைப் புத்தாண்டு நாளில் வேப்பம்பூவுடன் பச்சடியாகி, வாழ்வில் இனிப்பும் கசப்பும் கலந்தே வரும் என்று உணர்த்தும். 'மாதா ஊட்டாத சோற்றை மாங்காய் ஊட்டும்' என்பது பழமொழி. காயில் உயிர்ச்சத்து 'சி' மிகுதி; கனியில் கண்ணொளிக்கு இன்றியமையாத 'ஏ' உயிர்ச்சத்தை ஆக்கும் பொருள் மிகுதி. கொட்டையினுள் உள்ள பருப்பு வயிற்றுப்போக்கிற்கு நாட்டு மருந்தாகும். இலை தோரணமாகும், பட்ட மரம் பலகையாகும்.

இவ்வரிய கனிக்கு மனிதனே கேடு சூழ்வதும் உண்டு. முற்றாத காயைப் பறித்து, கால்சியம் கார்பைடு என்னும் கல்லை வைத்துப் பழுக்க வைப்பர் சிலர். அக்கல் ஈரம் பட்டவுடன் ஒருவகை ஆவியை வெளிவிடும். தோல் விரைந்து மஞ்சளாகும். ஆனால் உள்ளே இனிமையும் மணமும் இரா. அக்கல்லில் ஆர்சனிக் முதலிய நச்சுப் பொருள்களும் சிறிதளவு கலந்திருக்கும். ஆதலால் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதனைத் தடை செய்துள்ளன. கனிகள் இயல்பாகவே வெளிவிடும் எத்திலீன் ஆவியை மட்டும் வரையறுத்த அளவிற் பயன்படுத்தலாம்.

நன்முறை எளிது. காம்பின் இருபுறமும் தோள்கள் புடைத்தெழுந்த காயே முற்றிய காய். அதனை நீரிலிட்டால் அமிழும், முற்றாதது மிதக்கும். முற்றியதைக் கீழே விழாமல் வலை கட்டிய துறட்டியாற் பறித்து, காம்பிற் கசியும் பால் தோலிற் படாமல் வடித்து, வைக்கோலிற் பரப்பினால் சில நாளில் தானே பழுக்கும். மூடிய அறையின் கதவைத் திறந்தவுடன் எழும் மணமே பழுத்த செய்தியைச் சொல்லும்.

மஞ்சள் நிறத்தையே விரும்பி வாங்குவோர் உள்ளவரையில் கல்லை வைப்போரும் இருப்பர். நிறத்தை நம்பாது மணத்தையும் முதிர்வையும் ஆராய்ந்து வாங்குவோர் பெருகினால் அத்தீமை தானே ஒழியும். பொறுத்திருந்து முற்ற விட்ட உழவனும் உரிய பயன் பெறுவான். விரைந்து பழுத்தது வெம்பும்; காத்திருந்து கனிந்ததே இனிக்கும். மல்கோவா கற்பிக்கும் இவ்வுண்மை மாங்கனிக்கு மட்டுமன்றிக் கல்விக்கும் பொருந்துவதாகும்.