அலுமினியத் தளம்: அரிப்பும் பழுதுபார்ப்பும்

திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் மாட்டுவண்டிகள் வந்து சேர்ந்த சாலைக் கடைத்தெருவுக்கு இன்று டெம்போக்களும் சிறு லாரிகளும் வருகின்றன. அவற்றில் சிலவற்றின் தளம் அலுமினிய செக்கர் பிளேட்டால் ஆனது. நம் சங்கக் குடும்பங்களிலும் வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ரயில்வேயில் பெட்டிகளின் பழுது பார்த்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை அவர்களுக்குப் பயன்படுமாறு எழுதுகிறேன்.

அலுமினியம் நமக்குப் புதியதல்ல. பள்ளிவாசல் மின்சாரத்தைக் கொண்டு ஆலுவாவை அடுத்த ஆலுபுரத்தில் 1943-லேயே அதை உருக்கி எடுத்தார்கள். எடை இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, துருவும் பிடிக்காது. ஆனால் துருப்பிடிக்காது என்பதால் கெடாது என்று எண்ணிவிடக் கூடாது.

அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்று உண்டு. அதுதான் அதன் கவசம். கருவாட்டு உப்பு, சிமெண்ட், மாட்டு மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா ஆகியவை அந்தக் கவசத்தைத் தின்றுவிடும். இதைவிடப் பெரிய எதிரி கீழே இருக்கிறது. தகடு உட்கார்ந்திருப்பது இரும்புக் குறுக்குச் சட்டத்தின் மேல். இரண்டு உலோகத்துக்கும் நடுவே ஈரம் தங்கினால் அது ஒரு பாட்டரியாகிவிடும். டார்ச் லைட் செல்லில் துத்தநாகக் கூடு கரைவதுபோல இங்கே அலுமினியம் கரையும். மேலே பார்த்தால் தகடு பளபளவென்றிருக்கும். அடியில் வெள்ளைப் பொடியாக உதிரும்.

விளைவு என்ன? ஆடு மாடு ஏற்றும் வண்டியில் குளம்பு பொத்தலில் சிக்கினால் கால் முறியும். மூட்டை இறக்கும் தொழிலாளியின் காலுக்கும் அதே கதிதான். வெளிநாடுகளில் குதிரை ஏற்றும் டிரெய்லர்களிலும் இதே தொல்லை உண்டு. குதிரை ஒன்று ஐந்நூறு கிலோ வரும். அத்தனை பாரமும் நான்கு குளம்பில் நிற்கிறது.

சோதிக்கும் முறை இதுதான். ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டுத் தளத்தை நன்றாகக் கழுவிக் காய விடுங்கள். சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். கெட்ட இடம் மொத்தென்று கேட்கும். வண்டிக்கு அடியில் சென்று, சட்டமும் தகடும் சேரும் இடங்களை ஸ்குரு டிரைவரால் குத்திப் பாருங்கள். ரயில் பெட்டியில் கழிவறைக்கு அடியிலும் வாசலோரத்திலும்தான் அரிப்பு முதலில் தொடங்கும். வண்டியிலும் தண்ணீர் தேங்கும் மூலைகளையே முதலில் பார்க்க வேண்டும்.

பொத்தல் கண்டவுடன் பலர் அதன்மேல் இரும்புத் தகட்டை வைத்து அடித்துவிடுகிறார்கள். இது நோயை வளர்க்கும் வைத்தியம். சரியான முறை வருமாறு:

1. கெட்ட பகுதியை நல்ல உலோகம் வரும்வரை வெட்டி எடுங்கள். மூலைகள் வளைவாக இருக்கட்டும்; கூர்மூலையில் விரிசல் பிறக்கும்.

2. சட்டத்தின் துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயிண்டும் அடியுங்கள். காய்ந்தபின் அதன்மேல் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். உலோகங்கள் இரண்டும் தொடவே கூடாது.

3. ஒட்டுத் தகடு பழையதன் கனத்தில், மக்னீசியம் கலந்த 5052 ரகமாக இருந்தால் நல்லது.

4. அலுமினிய ரிவெட் அடியுங்கள். 5 மி.மீ. ரிவெட் என்றால் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே, ஒன்றுக்கொன்று 15 மி.மீ.-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். போல்ட் போடும் இடத்தில் நைலான் வாஷர் அவசியம்.

5. விளிம்பைச் சீலண்ட் கொண்டு அடையுங்கள். தண்ணீர் வடிய வழியும் விடுங்கள்.

வெல்டிங்தான் வேண்டுமென்றால் ஆர்கான் வெல்டிங் தெரிந்த பட்டறைக்கே போங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். மேலுள்ள ஆக்ஸைடோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். அலுமினியம் சிவக்காமலே உருகி விழுந்துவிடும். பற்றுவைத்த இடத்தைச் சுற்றித் தகடு பலமும் குறையும். வேலை தொடங்குமுன் வண்டியின் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

பழுது பார்த்தபின் செலவில்லாத பராமரிப்பு ஒன்றே: சரக்கு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மாதம் ஒருமுறை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அடுத்த பொத்தல் உங்கள் கண்ணுக்கு முதலில் தெரிய வேண்டும். மாட்டின் காலுக்கு அல்ல.