ஆங்கிலம் அறிவோம்: ‘ஃபோல்’ வேறு, ‘ஃபெயில்’ வேறு



“விழுந்துட்டேன்”, “பெயிலாயிட்டேன்” என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். இவற்றுக்கு ஆங்கிலத்தில் உள்ள ஃபோல், ஃபெயில் என்ற சொற்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். ஆனால் பொருள் வேறு. ஃபோல் என்றால் மேலிருந்து கீழே விழுதல். ஃபெயில் என்றால் செய்ய வேண்டிய வேலையைச் செய்ய முடியாமல் போதல். இதை மனதில் பிடித்துக்கொண்டால் ஆஸ்பத்திரித் துண்டும், பரீட்சைப் பெறுபேறும், மழைக்கால எச்சரிக்கையும் நமக்கு விளங்கும்.

1. ஃபோல்

இன்று விழுவது ஃபோல். நேற்று விழுந்தது ஃபெல். பிள்ளைகள் சிலர் நேற்று விழுந்ததற்கு ‘ஃபோல்ட்’ என்கிறார்கள். அது பிழை. ‘மை மதர் ஃபெல் டவுன்’ என்றால் ‘எங்கம்மா கீழே விழுந்துட்டாங்க’.

மழைவீழ்ச்சி ‘ரெயின்ஃபோல்’. நீர்வீழ்ச்சி ‘ஃபோல்ஸ்’. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியை ‘தியலும ஃபோல்ஸ்’ என்பார்கள். ‘ஃபோல் சிக்’ என்றால் நோயில் விழுதல், ‘ஃபோல் அஸ்லீப்’ என்றால் தூங்கிப்போதல்.

2. ஸ்லிப், ஃபெயின்ட்

மலையில் கொழுந்து எடுக்கும்போது ஒருவர் விழுந்தால், எப்படி விழுந்தார் என்பதுதான் முக்கியம். கால் வழுக்கினால் ‘ஷீ ஸ்லிப்ட்’. மயங்கி விழுந்தால் ‘ஷீ ஃபெயின்டட்’. வழுக்கியது என்றால் டொக்டர் எலும்பு, சதையைத்தான் முதலில் பார்ப்பார். மயக்கம் என்றால் இரத்தக் குறைவு, பிரஷர், சீனி இவற்றையும் பார்ப்பார். “விழுந்துட்டாங்க” என்று மட்டும் சொன்னால் பாதி விஷயம் மறைந்துபோகும். தமிழில் சொன்னாலும் சரி, ஆங்கிலத்தில் சொன்னாலும் சரி, வழுக்கியதா மயங்கியதா என்று பிரித்துச் சொல்லுங்கள். விபத்து அறிக்கையிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

3. ட்ரொப்

கையிலிருந்து நழுவ விடுவது ட்ரொப். சொட்டு என்பதும் ட்ரொப்தான். கண் மருந்தில் ‘டூ ட்ரொப்ஸ்’ என்று இருந்தால் இரண்டு சொட்டு. பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட பிள்ளையை ‘ட்ரொப் அவுட்’ என்பார்கள்.

4. ஃபெயில்

‘பிரேக் ஃபெயில்’ என்றால் பிரேக் பிடிக்கவில்லை. அவ்வளவுதான், அது கீழே விழுந்துவிடவில்லை. இதன் பெயர்ச்சொல் ‘ஃபெயிலியர்’.

ஆஸ்பத்திரித் துண்டில் ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்று கண்டதும், “இருதயம் நின்னு போச்சு, இனி ஒண்ணும் இல்ல” என்று வீட்டார் அழுவதுண்டு. அதன் பொருள் அது அல்ல. இருதயம் போதிய பலத்தோடு இரத்தத்தைத் தள்ளவில்லை என்பதே பொருள். ஒழுங்காக மருந்து குடித்து, உப்பைக் குறைத்து, கிளினிக்குக்குப் போய் வருகிறவர்கள் பல வருடம் வாழ்கிறார்கள். சொல்லுக்குப் பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

இனிப் பரீட்சை. சாதாரண தரப் பெறுபேற்றில் ஏ, பி, சி, எஸ் எல்லாம் சித்தி. 35 புள்ளிக்குக் குறைந்தால் டபிள்யூ. அது ‘வீக்’, அதாவது பலவீனம் என்ற சொல்லின் முதலெழுத்து. ‘ஹீ ஃபெயில்ட் மெத்ஸ்’ என்றால் கணக்கில் மட்டும் சித்தியில்லை. ‘ஹீ இஸ் அ ஃபெயிலியர்’ என்றால் ஆளே உதவாதவன் என்றாகிவிடும். முதலாவது செய்தி, இரண்டாவது ஏச்சு. பாடத்தைத் திரும்ப எழுதலாம். பிள்ளையைப் பார்த்து இரண்டாவதைச் சொல்லாதீர்கள்.

5. இரண்டும் சேரும் இடம்

மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கை சில வேளை ஆங்கிலத்தில்தான் நமது போனுக்கு வந்து சேரும். அதில் வரும் சொற்கள் இவை:

லேண்ட்ஸ்லைட் – மண்சரிவு.
ரொக்ஃபோல் – பாறை, கல் விழுதல்.
ஸ்லோப் ஃபெயிலியர் – மலைச்சாய்வு பாரம் தாங்காமல் இடிதல்.
கட்டிங் ஃபெயிலியர் – வீட்டுக்கோ ரோட்டுக்கோ வெட்டிய மண்மேடு இடிதல்.

மலைக்கு என்ன ஃபெயில் என்று சிரிக்கக் கூடாது. மண்ணைத் தாங்கி நிற்பதே சாய்வின் வேலை. அந்த வேலையை அது செய்யாமல் போவதுதான் ஃபெயிலியர்.

எச்சரிக்கையில் மூன்று படி உண்டு. மஞ்சள் ‘வொட்ச்’, கவனமாக இரு. செம்மஞ்சள் ‘அலேர்ட்’, வெளியேற ஆயத்தமாக இரு. சிவப்பு ‘இவெக்குவேட்’, உடனே வெளியேறு. இந்த மூன்றாவது சொல்லைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்குங்கள். சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர் கண்டால், மெசேஜ் வரும்வரை காத்திராமல் லயத்தை விட்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையின்போதும் நமது பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின. ஆகவே இந்தப் பாடம் பரீட்சைக்கு மட்டுமல்ல, உயிருக்கும் உரியது.

பயிற்சி (பிள்ளைகள் வாசிக்க, பெரியவர்கள் பதில் சொல்லட்டும்)

அ. தாத்தா படியில் வழுக்கினார். ஹீ ______.
ஆ. லொறிக்கு பிரேக் பிடிக்கவில்லை. பிரேக் ______.
இ. தங்கச்சி நேற்று மரத்திலிருந்து விழுந்தாள். ஷீ ______.
ஈ. சிவப்பு எச்சரிக்கை வந்தால் நாம் செய்ய வேண்டியது ______.

விடைகள்: அ. ஸ்லிப்ட். ஆ. ஃபெயில்ட். இ. ஃபெல். ஈ. இவெக்குவேட்.

நாலும் சரியென்றால் பக்கத்துக் காம்பராவில் உள்ளவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த பாடத்தில் சந்திப்போம்.