மத்தளை விமான நிலையமும் மரக்கறிக் கமக்காரரும்

அம்பாந்தோட்டை மாவட்டத்தின் மத்தளையில் 2013 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 18 ஆந் திகதி சர்வதேச விமான நிலையமொன்று திறக்கப்பட்டது. அதன் ஓடுபாதை 3,500 மீற்றர் நீளமானது. பெரிய சரக்கு விமானங்களும் அதில் இறங்கலாம். ஆயினும், எதிர்பார்த்த அளவில் விமானங்கள் வரவில்லை. 2015 ஆம் ஆண்டில் அந்நிலையத்தின் சரக்குக் களஞ்சியம் நெல் சேமிக்கும் இடமாகப் பயன்பட்டது. இவ்வாறு நேர்ந்தது ஏன்? விமான ஏற்றுமதியை நம்பிப் பயிரிட எண்ணும் கமக்காரர் இதனை அறிந்துகொள்வது அவசியம்.

ஓடுபாதை மட்டும் போதாது

வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளிலிருந்து கட்டுநாயக்காவுக்குச் செல்வதிலும் மத்தளைக்குச் செல்வது குறைந்த தூரமாகும். எனினும், லொறிகள் விமானம் புறப்படும் இடத்தையே நாடிச் செல்லும். மரக்கறிகளிற் பெரும்பகுதி பயணிகள் விமானங்களின் அடித்தட்டிலேயே ஏற்றப்படுகின்றது. ஆகவே, பயணிகள் இல்லாத நிலையத்திற் சரக்குக்கும் இடம் இல்லை. தனிச் சரக்கு விமானம் வரவேண்டுமாயின், வரும்போதும் போகும்போதும் அதற்குச் சுமை வேண்டும். ஒருநாள் நிறையவும் மறுநாள் குறையவும் கிடைக்கும் சரக்கை நம்பி எவரும் விமானம் அனுப்பார்.

எப்பொருள் ஏற்றது?

நெல்லும் அரிசியும் பாரமானவை, பல நாள் கெடாதவை, விலையும் குறைவு. அவற்றுக்குக் கப்பலே உகந்தது. விரைவில் வாடுவனவும் நல்ல விலை பெறுவனவுமான மரக்கறி, பழம், பூ ஆகியவையே விமானக் கூலியைத் தாங்கும்.

கூலி நிறையை மட்டும் பொறுத்ததன்று. பொதுவாக 6,000 கன சென்ரிமீற்றர் இடம் ஒரு கிலோகிராமாகக் கணிக்கப்படும். உண்மை நிறை, இக்கணிப்பு ஆகிய இரண்டிற் கூடியதற்கே கூலி அறவிடப்படும். 50 சென்ரிமீற்றர் நீளமும் 40 அகலமும் 30 உயரமுமுள்ள பெட்டியில் 4 கிலோகிராம் கீரை இருப்பினும், 10 கிலோகிராமுக்கே கூலி கொடுக்கவேண்டும்.

நீங்கள் செய்யவேண்டியவை

1. அதிகாலையில் அறுவடை செய்து, உடனே நிழலில் வையுங்கள். வெப்பம் 10 பாகை செல்சியசு உயர்ந்தால், காயின் சுவாசம் ஏறத்தாழ இருமடங்காகும். காய் அவ்வளவு விரைவில் வாடும்.

2. சாக்குகளில் அடைத்து மிதிக்காதீர்கள். காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடைகளைப் பயன்படுத்துங்கள்.

3. எல்லாக் காய்களுக்கும் ஒரே குளிர் ஆகாது. கீரைவகைகள் பல கூடிய குளிரைத் தாங்கும். பாகற்காயோ 10 பாகைக்குக் கீழே பழுதடையும்.

4. பீடைநாசினி தெளித்தபின், சுட்டுத்துண்டிற் குறிப்பிட்ட நாட்கள் கழியுமுன் அறுவடை செய்யாதீர்கள். தெளித்த நாளையும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிவையுங்கள்.

5. பழ ஈ தாக்கிய காய்களைச் சேகரித்து அழித்துவிடுங்கள். ஒரு காயிலுள்ள புழு முழுப் பொதியையும் நிராகரிக்கச் செய்யலாம். தாவரச் சுகாதாரச் சான்றிதழின்றி மரக்கறிகளைப் பிறநாடுகள் பல ஏற்பதில்லை.

முன்னெச்சரிக்கை

விமான நிலையம் வருகிறது என்ற பேச்சைக் கேட்டுக் கடன்பட்டுப் பயிரிடாதீர்கள். விதைப்பதற்கு முன்னரே, கொள்வனவு செய்பவருடன் இனம், தரம், வாராந்த அளவு, விலை ஆகியவற்றை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். நிராகரிக்கப்படும் காய்க்கு நட்டம் யாருடையது என்பதையும் அதிற் குறிப்பிடுங்கள். உள்ளூர்ச் சந்தையில் விலைப்படாத இனத்தை உங்கள் காணி முழுவதிலும் நடாதீர்கள்.

தனி ஒருவர் வாரந்தோறும் ஒரே தரத்தில் ஒரே அளவு கொடுத்தல் அரிது. கமக்காரர் அமைப்பின் மூலம் பலர் முறைவைத்து நட்டால் அது இயலும். அத்தகைய ஒழுங்கான விளைச்சல் அருகிலிருந்தால், ஓடுபாதைக்கும் வேலை கிடைக்கும். விமானம் கிடையாத காலத்திலும், இம்முறையிற் பேணிய மரக்கறி உள்ளூர்ச் சந்தையிற் கழிவு குறைந்து கூடிய பயன் தரும்.

மேலும் விபரம் வேண்டுவோர் தமது பிரிவு விவசாயப் போதனாசிரியரை அணுகுக.