வெக்கை வேறு, புழுக்கம் வேறு

கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைதான் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது என்று நம்ம பக்கத்துல பெருமையாச் சொல்லிக்குவோம். அது காய்ச்சப்படும் ஆலைக்கொட்டாய்க்குள் சித்திரை மாத மதியத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அங்கே ஒரே கூரைக்குள் இரண்டு விதமான சூடு இருக்கிறது. சக்கை போடுகிறவருக்கு அடுப்புவாயிலிருந்து நேராக முகத்தில் அடிப்பது வெக்கை. கொப்பரை ஓரம் நின்று பாகு கிண்டுகிறவரைச் சுற்றி இருப்பது புழுக்கம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் பலிக்காது.

வெக்கையை மறைப்பால் தடுக்கலாம். அடுப்புவாய்க்குப் பக்கத்தில் ஆள் நிற்கிற இடத்தை ஒட்டி ஒரு மண்சுவர், நீளக் கைப்பிடி உள்ள தள்ளுகோல், உடம்பை மூடுகிற தளர்வான பருத்திச் சட்டை. காற்று வறண்டிருப்பதால் அங்கே கழுத்தில் போட்ட ஈரத்துண்டும் நன்றாகக் குளிர்ச்சி தரும்.

புழுக்கம்தான் ஆளைச் சாய்ப்பது. கணக்குப் போட்டுப் பாருங்க: ஆயிரம் லிட்டர் சாற்றில் சுமார் 800 லிட்டர் தண்ணீர்தான். அத்தனையும் ஆவியாகிக் கொட்டாய்க்குள்ளேதான் எழுகிறது. ஒரு லிட்டர் வியர்வை உடம்பில் உலர்ந்தால் சுமார் 580 கிலோகலோரி சூட்டைக் கொண்டு போகும். உலராமல் சொட்டினால் பயனில்லை. ஈரக்காற்றில் வியர்வை சொட்டத்தான் செய்யும், ஈரத்துண்டும் அப்படியே கிடக்கும்.

அதனால் ஆவி வெளியே போகணும். முகட்டில் ஓர் இடைவெளி விட்டு, அதற்கு மேலே மழை விழாதபடி சின்னக் கூரை; காற்று வரும் பக்கம் தரையை ஒட்டித் திறப்பு. மின்விசிறி வைத்தால் வெளிக்காற்றை ஆள்மேல் தள்ளுகிற மாதிரி வையுங்கள். உள்ளே இருக்கிற ஆவியையே சுழற்றுவதில் லாபம் குறைவு. வங்கியில் இருந்தபோது ஆலைக்கடன் திட்ட அறிக்கை எத்தனையோ பார்த்திருக்கிறேன். கொப்பரை, மோட்டார், கூரைத்தகடு எல்லாம் இருக்கும், காற்றுக்கென்று ஒரு வரிகூட இருக்காது.

எப்போது நிறுத்துவது? இரண்டு சாதாரண வெப்பமானி வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, விசிறிக் காற்றில் மாட்டுங்கள். ஈரத்துணி வெப்பமானி 35 டிகிரி காட்டும்வரை மனிதன் தாங்குவான் என்று முன்பு நம்பினார்கள். 2022ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், ஈரக்காற்றில் லேசான வேலை செய்த ஆரோக்கியமான இளைஞர்களுக்கே எல்லை 31க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பாகு கிண்டுவது லேசான வேலையா? 28 தாண்டினாலே ஆளை மாற்றி மாற்றி விடுவது என் வழக்கம்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கணும். உப்புப் போட்ட மோர், பழைய சோத்து நீராகாரம் நல்லது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பு அளவை டாக்டரிடம் கேட்டுக்கோங்க. புது ஆளை முதல் நாளே முழு வேலைக்கு விடாதீங்க. அஞ்சில் ஒரு பங்கு நேரத்தில் ஆரம்பித்து நாளுக்கு நாள் கூட்டுங்கள். உடம்பு பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும்.

யாராவது சம்பந்தமில்லாமல் பேசினாலோ தள்ளாடினாலோ, வியர்த்துக்கொண்டே இருந்தாலும் அது வெப்ப மயக்கமாக இருக்கலாம். 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை சும்மா இருக்காமல் நிழலுக்குத் தூக்கி வந்து, சட்டையைக் கழற்றி, தலைமுதல் கால்வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.